அம்புக் களிக்கு இரண்டு கை உப்பு

இயேசு மரி சூசை

ஆரோக்கியன்கொட்டாய்,
பாலக்கோடு வழி.
2026 ஜனவரி 11, ஞாயிறு, காலை 6 மணி 40 நிமிடம்.
வீட்டில் ஆட்கள் மூன்று. தாத்தாவின் பிரஷர் சற்று முன் பார்த்தது 172க்கு 98. செபஸ்தியார் திருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள். கமிட்டி முடிவு செய்திருப்பது 640 உருண்டை.

அன்பு மகள் அருள்ராணிக்கு அப்பா ஆண்டோ எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், தாத்தா இல்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் சுகம் என்று நம்புகிறேன் என்று எழுதுவார்கள், நேரில் பார்க்காததை நான் எப்படி எழுத, அதனால் நீயே பதிலில் எழுது, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், எடை எவ்வளவு, ராஞ்சிக் குளிருக்கு நாங்கள் அனுப்பிய கம்பளி சாக்ஸைப் போடுகிறாயா அல்லது ஒறுத்தல் என்று சொல்லிப் பெட்டியில் வைத்திருக்கிறாயா. போடு பாப்பா. சளி பிடித்தால் ஜெபம் பண்ண முடியாது, தும்மத்தான் முடியும். அம்மா இப்போது பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், சீக்கிரம் வாங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள், மூன்றாவது தடவை சொல்வதற்குள் முடிந்த வரை எழுதுகிறேன், மீதியை வந்து எழுதுவேன்.

கிறிஸ்துமஸ் கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், நம் ஊர் அம்புக் களி எப்படி வந்தது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கப்பா, இருபதாம் தேதி இங்கே மடத்தில் பயிற்சியில் இருக்கிற நவகன்னியர் எல்லாரும் சேர்ந்து செய்யப் போகிறோம், ராகி இங்கேயும் கிடைக்கிறது, மடுவா என்கிறார்கள் என்று. படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. காரிமங்கலம் சந்தையில் இந்த வாரம் புது விளக்குமாறு கிடைக்கவில்லை பாப்பா, நம் ஊர் ஆட்கள் அத்தனையும் வாங்கி ஈர்க்குச்சி உருவ வைத்துக்கொண்டார்கள், கடைக்காரர் என்னிடம் உங்க ஊர்ல அவ்வளவு குப்பையாங்க என்று கேட்கிறார். இந்த லட்சணத்தில் இது ராஞ்சிக்கும் போகிறதா. நீ கேட்ட ஒரு பக்கம் போதாது. உண்மையை எழுதுகிறேன், உங்கள் நவகன்னியர் தலைவிக்குத் தமிழ் வாசிக்க வராது என்று சொல்லியிருக்கிறாய், அதுவும் நல்லதுக்குத்தான்.

2007 ஜனவரி 20, சனிக்கிழமை. எனக்கு வயது இருபத்தொன்று, டிப்ளமா முடித்திருந்தேன், நீ கைக்குழந்தை. அதுவரைக்கும் நம் ஊரில் செபஸ்தியாருக்கு வெறும் களிதான், ஒரு வீட்டார் முறை எடுத்துக் கிண்டுவார்கள், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், எல்லாரும் கீரையோடு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், குச்சி கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த வருஷம் முறை உன் அம்மா வீட்டுக்கு வந்தது. புது மாப்பிள்ளை நான், படித்தவன், ஆகவே நான்தான் மேற்பார்வை என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாவு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, உப்பு இத்தனை கிராம் என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு அண்டா. இரண்டாவது அண்டாவுக்குக் களி கிண்ட வந்த குள்ளம்மாள் தன் கையால் ஒரு கை கல்லுப்பு ஏற்கெனவே போட்டிருந்தார், அது எனக்குத் தெரியாது, நான் அட்டைப்படி அளந்து இன்னொரு தடவை போட்டேன். பத்தொன்பது வருஷமாகக் குள்ளம்மாள்தான் இரண்டு தடவை போட்டார் என்று வீட்டில் சொல்லி வந்தேன். இல்லை. இரண்டாவது உப்பு என்னுடையது. எழுத்தில் இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

முதல் அண்டாவில் 150 உருண்டை, இரண்டாவதில் 162. எல்லாம் உருட்டி வாழையிலையில் வைத்த பிறகு ஒன்றைக் கிள்ளி வாயில் வைத்தேன், காறித் துப்பினேன். எது நல்லது எது கெட்டது என்று கலந்துவிடக் கூடாதே, மாட்டுக்குக்கூட யோசித்துத்தான் வைக்க வேண்டும் போல இருந்தது, அதனால் பக்கத்தில் இருந்த புது விளக்குமாற்றைப் பிரித்து உப்பு உருண்டைக்கெல்லாம் அடையாளமாக ஈர்க்குச்சி குத்தினேன். நம் கடையில் மோட்டார் காயில் எரிந்துபோனால் சிவப்பு டேப் ஒட்டுகிறோம் இல்லையா, அதே வேலை. உதவிக்கு வந்தவர்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் கண்டபடி குத்தினார்கள், ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஏழு. அந்த நேரம் பார்த்து அப்போதிருந்த பெரிய சாமியார் வந்துவிட்டார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார். களி முன்னால் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், அழ ஆரம்பித்துவிட்டார். நாற்பத்தொரு வருஷ குருத்துவத்தில் இப்படி ஒரு பக்தியைப் பார்த்ததில்லை, செபஸ்தியாரின் திருவுடலில் பாய்ந்த அம்புகளைக் களியில் காட்டியிருக்கிறீர்களே, யார் செய்தது என்றார். ஊரே என்னைக் கைகாட்டியது. இருபத்தைந்து நிமிடம் பிரசங்கம். முடித்துவிட்டு, அம்பு பட்ட களியைத்தான் மந்திரிப்பேன், மற்றதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஜெனரேட்டரைப் பார்க்கிற சாக்கில் கோயிலுக்குப் பின்பக்கம் போய்விட்டேன். அரை மணி கழித்து வந்தால் 162 உருண்டையும் காலி. எப்படித் தீர்ந்தது என்று எனக்குப் புரியவே இல்லை, பயத்தில் கேட்கவும் இல்லை.

அதற்கடுத்த வருஷம் அவரவர் வீட்டிலிருந்து குச்சி கொண்டுவந்தார்கள். உப்பும் இரட்டிப்பாகத்தான் போட வேண்டும் என்றார்கள், உப்பு இல்லை என்றால் மந்திரிக்கவில்லை என்று அர்த்தமாம். மூன்றாவது வருஷம் மேலத் தெரு ஐந்து குச்சி என்றது, கீழத் தெரு தேவதிரவிய அனுமானம், அதாவது திருவருட்சாதனம், ஏழு என்பதால் ஏழு என்றது, இரண்டு கல்யாணம் நின்றுபோகிற அளவுக்குச் சண்டை, கடைசியில் அப்போது இருந்த பங்குச்சாமியார் ஆறு என்று தீர்த்துவைத்தார், ஆறுக்கு எந்தக் காரணமும் கிடையாது, அதனாலேயே இரண்டு தெருவும் ஒத்துக்கொண்டது. இந்த வருஷம் நூற்றைம்பதாவது ஆண்டு என்று கல்வெட்டு வைக்கிறார்கள். உண்மையில் இது இருபதாவது வருஷம் பாப்பா. நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். வரலாறு எழுதிக் கொடுத்தது ரிட்டயர்டு வாத்தியார் ராஜப்பன். 1876 பஞ்சத்தில் ஒரு வெள்ளைக்கார சாமியார் கஞ்சித் தொட்டி வைத்தாராம், கொள்ளைக்காரர்கள் அம்பு விட்டார்களாம், அம்பெல்லாம் களியில் போய்க் குத்தி நின்றதாம், ஒருத்தருக்கும் காயம் இல்லையாம். அது கஞ்சித் தொட்டியா களித் தொட்டியா சார், கஞ்சியில் அம்பு எப்படி நிற்கும் என்று கேட்டேன். ஆண்டோ, உனக்கு எல்லாத்துக்கும் டயாகிராம் வேணும் என்றார். குள்ளம்மாள் வேறு கதை வைத்திருக்கிறார், அவருடைய பாட்டன் கனவில் செபஸ்தியார் வந்து, இந்த அம்புங்க ரொம்ப நோவுதுப்பா, இதைப் புடுங்கி எதுனா மெத்துனு இருக்கறதுல குத்தி வையி என்று கேட்டாராம். நீங்கதானம்மா 2007ல் என் பக்கத்தில் நின்றீர்கள், குச்சியை எடுத்துக் கொடுத்ததே நீங்கள்தானே என்றேன். நான் குடுத்தேன்டா, எனக்குக் குடுக்கச் சொன்னது யாருங்கறேன் என்று மேலே கை காட்டினார்.

இதெல்லாம் கூத்து, நடந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். போன வருஷம் திருநாளுக்கு மறுநாள் உன் தாத்தாவைத் தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தது உனக்குத் தெரியும், காய்ச்சல் என்று எழுதியிருந்தோம். காய்ச்சல் இல்லை. மூன்று அம்புக் களி சாப்பிட்டார், பிரஷர் 210, நான்கு நாள் கிடந்தார், கிட்னி பாதிக்கு வந்துவிட்டது, இன்னொரு தடவை இந்த மாதிரி உப்பு உள்ளே போனால் டயாலிசிஸ்தான், அதற்கும் உடம்பு தாங்குமா சொல்ல முடியாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு நாளைக்கு நான்கு கிராம் உப்புதான் அவருக்கு. நான் ஒரு உருண்டையை இருபது லிட்டர் வடிகட்டின தண்ணீரில் கரைத்து, கிணற்றுத் தண்ணீர் பார்க்கிற மீட்டரை வைத்துப் பார்த்தேன், உப்பில்லாத உருண்டை ஒன்றையும் அதே மாதிரி கரைத்துக் கழித்தேன், ஒரு உருண்டைக்கு ஒன்பது கிராம். மூன்று உருண்டைக்கு இருபத்தேழு. ஒரு வாரத்து உப்பு ஒரே உட்காரலில். அம்மா நான் களியைக் கரைப்பதைப் பார்த்துவிட்டு, மந்திரிச்சதைப் போய் பக்கெட்ல போடுறீங்களே என்று இரண்டு நாள் பேசவில்லை.

(பூசைக்குப் போய் வந்தாயிற்று, மணி 9.50. இன்று சாயங்காலம் கொடியேற்றம், அதற்குச் சீரியல் லைட் கட்ட என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.)

ஆகவே இந்த வருஷம் நான் உண்மையைச் சொல்லி இதை நிறுத்துவது என்று கிளம்பினேன். முதலில் செய்தது தப்பு, டிசம்பர் 23ஆம் தேதி பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். புதுப் பங்குச்சாமியார் ரஞ்சித்குமார் ஃபாதர் நல்ல மனிதர், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அவர் ஒருத்தர்தான் என் பேச்சைப் புரிந்துகொள்வார் என்று இருந்தேன். புரிந்துகொண்டார். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அதை வைத்து ஒரு காரியமும் செய்யக் கூடாது. மறுநாள் சாமியார் பங்களாவுக்குப் போய் அதையே மறுபடி சாதாரணமாகச் சொன்னேன். அவர், இப்ப நீங்க சொன்னதாலதான் எனக்குத் தெரியுமா, இல்ல முன்னாடியே தெரிஞ்சதால இது புரியுதான்னு எனக்கே பிரிச்சுப் பாக்க முடியலீங்க ஆண்டோ, மேற்றிராணியார் இல்லத்துக்கு எழுதிக் கேட்டுட்டுச் சொல்றேன் என்றார். பிஷப்புக்கு எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. என்ன கேள்வி என்று அவர் எழுத முடியாதாம், அதனால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் நானே மைக்கைப் பிடித்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயர் நான் வைத்ததுதான், யாரும் தடுக்கவில்லை. இரண்டாவது உப்பு யார் போட்டது என்பதைத் தவிர தேதி, நேரம், அண்டா, உப்பு எல்லாம் சொன்னேன், இது அம்பு இல்லை, கெட்டுப்போனது என்று நான் போட்ட அடையாளம் என்றேன். முடித்ததும் கை தட்டினார்கள் பாப்பா. சாட்சியம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். குள்ளம்மாள் எழுந்து நின்று, பாத்தீங்களா, கடவுள் ஒரு மக்கு மாப்பிள்ளைய வெச்சுகூட காரியம் நடத்துவாரு என்றார், ஆமென் என்றார்கள். ராஜப்பன் சார் அன்று மாலையே கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டு ஒரு வரி சேர்த்துவிட்டார், இடையில் வழக்கொழிந்த இம்மரபைப் புனிதர் 2007இல் ஒரு மின் பொறியாளர் வழியாக மீட்டருளினார் என்று. நான் பொறியாளர் இல்லை, டிப்ளமா என்றேன். கல்லில் இடம் இல்லையாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமாவை, அதாவது உன் தாத்தாவை, உட்காரவைத்து நேராகச் சொன்னேன். நீங்கள் சாப்பிடுகிற களி என் தப்பு, அதில் புனிதம் ஒன்றும் கிடையாது, குச்சியை நான்தான் குத்தினேன் என்றேன். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, தெரியும் மாப்ள என்றார். எப்ப இருந்து என்றேன். அன்னிக்கே, நான் பின்னாடிதானே நின்னேன், நீ துப்புனதையும் பாத்தேன், குத்துனதையும் பாத்தேன் என்றார். நான் ஜெனரேட்டர் பக்கம் போன பிறகு நடந்ததை அப்புறம்தான் சொன்னார். சாமியார் மந்திரித்து முடித்ததும் முதலில் வாங்கினவர் ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்தாராம், பின்னால் இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்களாம். டிப்ளமா படிச்சவனுக்குக் களிக்கு உப்பு போடத் தெரியலைன்னு ஊரே சிரிச்சிருக்கும் மாப்ள, நீ வேற கோவக்காரன், வூட்டை விட்டுப் போயிருப்ப, என் பொண்ணு கைக்குழந்தையோட நின்னிருப்பா என்றார். அதனால் இவர் முன்னால் போய் எல்லார் கண்ணுக்கும் எதிரில் மூன்று உருண்டையை ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டாராம். உப்பு சரியா இருக்குது என்று சத்தமாகச் சொன்னாராம். மாமா சின்னப்பன் நாக்குக்கு ஊரில் மதிப்பு உண்டு, அவர் சரி என்றால் சரி, எல்லாரும் வாங்கித் தின்றார்கள். அவ்வளவுதான். பஞ்சமும் இல்லை, வெள்ளைக்காரரும் இல்லை, கனவும் இல்லை. நீ கேட்ட ஆரம்பம் இதுதான்.

நான் அவருடைய மாத்திரை டப்பாவை மூடி வைத்தேன். பிறகு கேட்டேன், சரி மாமா, அன்றைக்கு எனக்காகச் சாப்பிட்டீர்கள், இப்போதும் ஏன் என்று. கோயில் வாசலில் சொன்ன பொய்யாம் அது. வருஷா வருஷம் மூணு சாப்பிட்டா மெதுமெதுவா நெஜமாயிடும் என்றார். உப்பு சரி என்று அவருடைய நாக்குக்கே தோன்றுகிற வரைக்கும் சாப்பிடுவாராம். தோன்றியதா என்று கேட்டேன், இன்னும் இல்ல, ஆனா போன வருஷம் கிட்ட வந்துச்சு என்கிறார். போன வருஷம்தான் ஆஸ்பத்திரி. இது போதாதென்று நீ மடத்துக்குப் போன அன்று இதையே நேர்ச்சையாகவும் ஆக்கியிருக்கிறார், பேத்தி கன்னியாஸ்திரீயாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிற வரைக்கும் மூன்று உருண்டை தவறக் கூடாது என்று. ரஞ்சித்குமார் ஃபாதரிடம் இதைச் சொன்னேன், இந்தத் தடவை மறக்காமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியில் வைத்துத்தான் சொன்னேன், நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கப் பங்குச்சாமியாருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் நேர்ந்தவர் வந்து கேட்கட்டும் என்றார். மாமா கேட்க மாட்டேன் என்கிறார். யாருக்காக நேர்ந்தேனோ அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லட்டும், அப்பப் பாக்கலாம் என்கிறார். அவர் முடிவாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

எனவே நீதான் சொல்ல வேண்டும். முந்தாநாள் உங்கள் மடத்துக்குப் போன் போட்டேன். சாவு, சீரியஸ் என்றால் மட்டும்தான் நவகன்னியரைக் கூப்பிடுவோம் என்றார்கள். இன்னும் ஆகவில்லை, பதினோரு நாளில் ஆகும் என்றேன். வைத்துவிட்டார்கள். நான் பொய் சொல்லியிருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். ஆகவே இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் உங்கள் மதரிடம் போய் ஐந்து நிமிடம் போன் அனுமதி கேள். தாத்தாவிடம் அழாதே, அழுதால் நீ அங்கே கஷ்டப்படுகிறாய் என்று நினைத்து நான்கு உருண்டை சாப்பிடுவார். நான் வார்த்தைப்பாடு கொடுக்கிற அன்றைக்கு நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்காக இதை விடுங்கள் என்று சொல். உண்மையும் அதுதானே. அங்கே ராஞ்சியில் உன் சிஸ்டர்களுக்கு என்ன வரலாறு சொல்வாய் என்பது உன் இஷ்டம், குச்சி எத்தனையும் குத்திக்கொள்ளுங்கள், உப்பு மட்டும் ஒரு கைக்கு மேல் வேண்டாம், சின்னக் கை.

நீ நன்றாக இரு. மாதா உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும், செபஸ்தியார் எந்த நோயும் அண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும், அம்மா உன் நெற்றியில் சிலுவை போடுவதாக எழுதச் சொன்னாள், நானும் போட்டதாக வைத்துக்கொள். சாக்ஸ் விஷயத்துக்குப் பதில் எழுத மறக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
ஆ. ஆண்டோ, டி.இ.இ.இ.
(கல்வெட்டில் தவறாகப் போட்டிருப்பது போல் பொறியாளர் அல்ல)

பி.கு. இனி நான் செய்யப் போவது:

1. நாளை திங்கள் காலை பாலக்கோடு தபால் நிலையம் திறந்ததும் இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுவேன். ரசீதை வைத்திருப்பேன்.

2. கடைக்குப் போகிற வழியில் குள்ளம்மாளைப் பார்த்து, 2007இல் இரண்டாவது உப்பு போட்டது நான்தான் என்று சொல்வேன். அவர் என்ன பேசினாலும் திருப்பிப் பேச மாட்டேன். இது கஷ்டம், ஆனால் செய்வேன்.

3. தாத்தாவுக்குக் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பிரஷர் பார்த்துச் சுவரில் எழுதுவேன்.

4. ரஞ்சித்குமார் ஃபாதரை 19ஆம் தேதி வீட்டுக்குக் கூப்பிடுவேன். உன் போன் வந்திருந்தால் நேர்ச்சையை அங்கேயே மாற்றிக் கொடுக்கச் சொல்வேன். யார் பேருக்கு மாற்றுவது என்று கேட்டால் என் பேருக்கு.

5. போன் வந்தாலும் வராவிட்டாலும் 20ஆம் தேதி காலை வரிசையில் மாமாவுக்கு முன்னால் நான் நிற்பேன். என் பிரஷர் 118க்கு 76, நேற்றுதான் பார்த்தேன், ஒரு தடவைக்குத் தாங்கும்.

6. மூன்று உருண்டையையும் ஊர் முன்னால் அவர் பார்க்கச் சாப்பிடுவேன். முடித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வேன்.